கெல்லரில் இருந்த மூன்று மெசின்கள்

இதிலை இரும் பிள்ளை. அந்தக் கதிரை வேண்டாம், அது அவற்ரை கதிரை, ஒரு கால் ஆடும். ஊரிலை உள்ள எல்லாத்தையும் திருத்தின மனுசன், தன்ரை கதிரையை மட்டும் அப்பிடியே விட்டிட்டுப் போட்டார். தேத்தண்ணிக்குச் சீனி போடலாமோ? இஞ்சை பிறந்த பிள்ளையள் சீனியைக் கண்டால் பயப்பிடுகினம், அதுதான் கேட்டனான்.

நீர் போன வருசம் கோடையிலை போன் பண்ணேக்கை அவர் இருந்தவர். "யூனிவேசிட்டியிலை படிக்கிற பிள்ளையாம், தவம். தோகோவிலை சீவியம் எப்பிடி, சுவிசிலை எப்பிடி எண்டு ஒப்பிட்டு எழுதப் போகுதாம். ரெண்டிலையும் இருந்த ஆள் எண்டு என்னட்டை வரப் போகுதாம்" எண்டு ரெண்டு நாள் இதே கதைதான். அண்டைக்கே போய்த் தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்தவர். நீர் வரப் பிந்திப்போச்சு. உம்மிலை பிழையில்லை, பரீட்சை எண்டு சொன்னீர்தானே. மாசியிலை அவர் செத்துப் போட்டார். அதுக்கென்ன, அவருக்குப் பதிலாய் நான் சொல்லுறன். அவர் இருந்த இடம் தோகோவின்ரை தலைநகர் லோமே, கிட்டத்தட்ட முப்பது வருசம் அந்த லோமேப் புராணத்தைக் கேட்ட எனக்குத் தெரியாததோ?

முதல் கேள்வி என்ன, தண்ணியோ. எழுதும். இஞ்சை குழாயைத் திறந்தால் மலைத்தண்ணி வரும். அங்கை அவர் இருந்த வீட்டிலை இருபத்திரண்டு பேருக்கு முற்றத்திலை ஒரு குழாய், வந்தால் வரும், வராட்டில் இல்லை. கரண்டும் அப்பிடித்தான். றோட்டு, பஸ், குப்பை அள்ளுறது எல்லாத்துக்கும் சுவிசுக்குப் பத்துக்குப் பத்துப் போடும். தோகோவுக்கு ஒண்டோ ரெண்டோ போடும், பாவம். நான் போய்ப் பாக்கேல்லைத்தான். சந்திரனுக்கும் நான் போகேல்லை, அங்கை காத்து இல்லையெண்டு எனக்குத் தெரியாதே? ஆஸ்பத்திரிக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையும்.

எங்கடை ஊர் உரும்பிராய். அவர் வாட்டர் பம்ப் மெக்கானிக். தோட்டத்துக்கு இறைக்கிற மெசின் நிண்டால் "சூரியத்தைக் கூப்பிடு" எண்டுதான் சனம் சொல்லும். கனகசூரியம் எண்ட முழுப்பேர் கலியாணக் கார்ட்டிலை மட்டும்தான் இருந்தது. தொண்ணூறிலை சாமான்களுக்குத் தடை போட்டு, யாழ்ப்பாணத்திலை பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, உதிரிப்பாகம் ஒண்டும் இல்லையெண்டு ஆன நேரம், இவர் ஊசி போடுற சிறிஞ்சிலை நாலு சொட்டுப் பெற்றோல் எடுத்து விட்டு மெசினை உசுப்பிப்போட்டு, பேந்து மண்ணெண்ணையும் தேங்காயெண்ணையும் கலந்து ஓட விடுவார். தெரு முழுக்கப் பலகாரம் சுடுற மணம். எனக்கு அந்த மணத்திலை பசிக்கும், சொன்னால் சிரிப்பார்.

அந்த நேரம் எங்கடை கௌசிகாவுக்கு ஒண்டரை வயசு. இதயத்திலை ஓட்டை. அழுதால் உதடு நீலிக்கும். என்ரை அண்ணர் இஞ்சை பேர்ணுக்குப் பக்கத்திலை இருந்தபடியால் என்னையும் பிள்ளையையும் முதல் எடுத்தவர். வந்து அஞ்சாம் மாசம் ஒப்பரேசன். அகதி எண்டு பாக்கேல்லை, பாசை தெரியாதவள் எண்டு பாக்கேல்லை. ஒரு வெள்ளைக்கார டொக்டர் முழங்காலிலை இருந்து, கடதாசியிலை இதயம் கீறி எனக்கு விளங்கப்படுத்தினவர். இண்டைக்கு அவளுக்கு ரெண்டு பிள்ளையள். அப்ப நான் இந்த நாட்டைக் கும்பிடாமல் வேறை எதைக் கும்பிடுறது, சொல்லும்.

அவர் அடுத்த வருசம் வெளிக்கிட்டவர். ஏஜென்சிக்காரன் ரெண்டு கிழமையிலை ஐரோப்பா எண்டு சொல்லி ஆக்களைக் கொண்டுபோய் லோமேயிலை இறக்கினவன். பாஸ்போட்டுகளை வாங்கினவன், பேந்து ஆளைக் காணேல்லை. ரெண்டு கிழமை மூண்டு வருசமும் எட்டு மாசமுமாய்ப் போச்சு. ஒரு வீட்டுக்குள்ளை இருபத்திரண்டு பேர். ரெண்டு பெடியள் மலேரியாவிலை செத்தவை, அங்கையே புதைச்சவை. இவருக்கும் ரெண்டு தரம் வந்து எலும்பும் தோலுமாய்ப் போனவர். இதை எழுதும் பிள்ளை. இதை அவர் உமக்குச் சொல்லியிருக்க மாட்டார். அவர் மில்லைப் பற்றித்தான் சொல்லியிருப்பார்.

அந்த வீட்டுக்கு எதிரிலை அஃபி எண்டொரு மனுசி சோளம் அரைக்கிற மில் வைச்சிருந்தவ. டீசல் மெசின். அங்கத்தைச் சனத்துக்குச் சோளமாவிலை களி கிண்டினால்தான் சாப்பாடு, மில் நிண்டால் அந்தத் தெருவிலை அண்டைக்கு அடுப்பு எரியாதாம். ஒருநாள் மில் நிண்டுபோச்சு. பெண்டுகள் சோளச் சட்டியளை நிலத்திலை வைச்சிட்டு வெயிலுக்கை நிக்கினமாம். இவர் மதிலுக்கு மேலாலை பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறார். எவ்வளவு நேரம்தான் பாப்பார்? ஏறிக் குதிச்சுப் போனவர், பின்னேரத்துக்குள்ளை மெசினை ஓட வைச்சிட்டார். அதோடை துவங்கினதுதான். அந்தப் பக்கத்திலை பதினாலு மில், பதினாலுக்கும் இவர்தான் ஆள். பத்றோன் எண்டு கூப்பிடுவினமாம். முதலாளி எண்டு அர்த்தமாம். ஒரு செருப்பும் ஒரு ஸ்பானர் கட்டும் வைச்சிருந்த முதலாளி.

அஃபி எண்டு சொல்லேக்கை நான் அவற்ரை முகத்தை வடிவாய்ப் பாத்திருக்கிறன். இல்லைப் பிள்ளை, அப்பிடி ஒண்டும் இல்லை. இருந்திருந்தால் சண்டை பிடிச்சு முடிச்சிருக்கலாம். ஒரு தெருவோடை, ஒரு மில் சத்தத்தோடை என்னெண்டு சண்டை பிடிக்கிறது?

நான் இஞ்சை சும்மா இருக்கேல்லை. பிள்ளையையும் வைச்சுக்கொண்டு, ஒப்பீசு ஒப்பீசாய் ஏறி இறங்கி, விளங்காத பாசையிலை அழுது, தொண்ணூத்தஞ்சிலை அவரை எடுத்தனான். நான்தான் எடுத்தனான். எயார்போட்டிலை வந்து இறங்கின ஆள் என்னைப் பாத்துக் கேட்ட முதல் கேள்வி, "இஞ்சை ஏன் இப்பிடிச் சத்தமே இல்லை?"

வேலை உடனை கிடைச்சது. வயசுபோன ஆக்களை வைச்சுப் பாக்கிற ஒரு இல்லத்திலை, குசினியிலை. கோப்பை கழுவிற மெசினுக்குக் கோப்பை அடுக்கிற வேலை. மூண்டாம் மாசம் அந்த மெசின் நிண்டுபோச்சு. இவர் சந்தோசத்தோடை மூடியைத் திறந்திருக்கிறார். மேலாளர் ஓடி வந்து, கை வைக்கக்கூடாது, கொம்பனி ஆள் வந்துதான் திறக்கவேணும் எண்டு போட்டார். அண்டைக்கு வீட்டை வந்து, "தவம், என்ரை கைக்கு இண்டைக்கே பென்சன் குடுத்திட்டாங்கள்" எண்டார். நல்லதுதானே, ஆறுதலாய் இருங்கோ எண்டன் நான். நான் வேறை என்ன சொல்லுறது? சம்பளம் நேரத்துக்கு வருகுது, லீவு இருக்கு, வருத்தம் வந்தால் பாக்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம். இருபத்தொரு வருசம் அந்தக் குசினியிலை நிண்டவர். ஒரு நாள் பிந்திப் போகேல்லை.

ஆனால் இந்த நாட்டை நல்ல நாடு எண்டு ஒருக்கால் சொல்லமாட்டார். அதுதான் என்ரை கோபம். எதைக் கண்டாலும் லோமே. சாப்பிடேக்கை, அங்கை தனியச் சாப்பிடுறவனைப் பாத்தால் சனம் என்ன வருத்தமோ எண்டு கேக்கும் எண்டுவார். பஸ்ஸிலை போகேக்கை, அங்கை பஸ் பழுதாய் நிண்டால் எல்லாரும் இறங்கித் தள்ளுவினம், இஞ்சை எல்லாரும் மணிக்கூடு பாப்பினம் எண்டுவார். நான் ஒண்டு செய்வன். லோமே எண்டு அவர் வாயைத் திறந்தவுடனை வாக்யூம் கிளீனரைப் போட்டுவிடுவன். எங்கடை வீடு எப்பவும் துப்புரவாய் இருந்தது. சிரியும், பரவாயில்லை. அவரும் முதல் முதல் சிரிச்சவர்தான்.

பென்சன் எடுத்த பிறகு கெல்லருக்குள்ளை இறங்கினவர். கெல்லர் தெரியும்தானே உமக்கு, கீழை நிலத்துக்கை ஒவ்வொரு வீட்டுக்கும் சாமான் வைக்கத் தாற அறை. சனம் எறியிற சாமானெல்லாம் அங்கை வரத் துவங்கிச்சு. மிக்ஸி, ரேடியோ, தையல் மெசின். திருத்தித் திருத்திக் கேக்கிற ஆக்களுக்குக் குடுப்பார். அதுவரைக்கும் நான் ஒண்டும் சொல்லேல்லை. பேந்து அவர் வேலை செய்த இல்லத்திலை ஒட்சிசன் மெசினுகளை மாத்தினவை. மூச்சு ஏலாத ஆக்களுக்கு மூக்கிலை குழாய் வைக்கிற மெசின், இந்த மேசை உயரம் வரும். பழுதே இல்லையாம், புது மாதிரி வந்திட்டுதாம், அதாலை எறியினமாம். இவர் கேட்டு, மூண்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொண்டாய், பஸ்ஸிலை. கோயில் சபையிலை இருக்கிற ஒரு மனுசி பஸ்ஸிலை கண்டிட்டு, வெள்ளிக்கிழமைப் பூசையிலை எல்லாருக்கும் முன்னாலை என்னட்டை, "உங்கடை அவர் குப்பை பொறுக்கிறாரே? பென்சன் காணாதோ?" எண்டு கேட்டா. எனக்கு அந்தக் கல்தரை பிளந்து உள்ளை போயிடலாம் போலை இருந்தது. என்ன பாடுபட்டு இந்தச் சனத்துக்கை ஒரு மரியாதையோடை இருந்தனாங்கள்!

அதோடை சத்தம். ரெண்டு வருசம் பின்னேரம் பின்னேரமாய்க் கீழை புர்ர்ர் எண்டு சத்தம். வோல்ட் கூடிக் குறைஞ்சாலும் எரியாமல் இருக்க, ஜெனரேட்டரிலை போட்டாலும் ஓட, என்னவோ பெட்டி செய்து பூட்டினவர். அகராதியை வைச்சு ஜெர்மன் புத்தகம் வாசிச்சவர். மேல்வீட்டுக்காரர் முறைப்பாடு. வீட்டு நிர்வாகத்திலை இருந்து ரெண்டு கடிதம். ரெண்டாவது கடிதத்திலை, கெல்லரைக் காலியாக்காட்டில் வீட்டை விடச் சொல்லுவம் எண்டு எழுதியிருந்தவை. அதைக் காட்டினன். "ஒரு மாசம் பொறும் தவம், முடிஞ்சுது, கப்பலுக்கு ஆள் பிடிச்சிட்டன்" எண்டார். அப்ப கப்பலிலை அனுப்பப் போறன் எண்டு அவர் எனக்குச் சொன்னவர்தானே எண்டு நீர் நினைப்பீர். ஓம், சொன்னவர். என்ரை காதிலை கடிதம்தான் நிண்டது, கப்பல் நிக்கேல்லை.

ஐப்பசியிலை ஒரு வியாழக்கிழமை அவருக்குக் கண் ஒப்பரேசன். காலமை கௌசிகா கூட்டிக்கொண்டு போனவள். நான் போன் எடுத்து, பழைய சாமான் ஏத்திற லொறியைக் கூப்பிட்டன். பத்தரைக்கு வாறம் எண்டவை, பத்தரைக்கு வந்தவை. ரெண்டு பேர், கையுறை போட்டு, பதினைஞ்சு நிமிசத்திலை கெல்லர் வெறுமை. மூண்டு மெசினும் பழைய சீலையாலை மூடியிருந்தது. என்ரை சீலைதான், கிளிப்பச்சையிலை ஒண்டு. லொறிக்காரர் சீலையை மடிச்சு என்ரை கையிலை தந்திட்டுப் போனவை. அவ்வளவு ஒழுங்கு. கோப்பி குடுத்தனான், குடிச்சிட்டுக் கோப்பையைக் கழுவி வைச்சவை.

பின்னேரம் ஒரு கண்ணிலை கட்டோடை வந்தார். நேரே கீழை போனார். கொஞ்ச நேரத்தாலை ஏறி வந்து கை கழுவினார். கை ஊத்தையாகவே இல்லை, எண்டாலும் கழுவினார். சாப்பாட்டுக்கு இருந்தார்.

"எத்தினை மணிக்கு வந்தவை?" எண்டு கேட்டார்.

"பத்தரைக்கு."

"சொன்ன நேரத்துக்கோ?"

"ஓம், ஒரு நிமிசம் பிந்தேல்லை."

"நல்ல நாடு" எண்டார்.

அவ்வளவு காலத்திலை அவர் அப்பிடிச் சொன்னது அண்டைக்குத்தான். எனக்குச் சந்தோசமாய் இருந்தது பிள்ளை, பொய் சொல்லேலாது. அதுக்குப் பிறகு அவர் லோமே எண்டு ஒருநாளும் வாயெடுக்கேல்லை. சனிக்கிழமையிலை அங்கை போன் எடுக்கிறவர், அதையும் விட்டிட்டார். அந்தப் பிள்ளை பரீட்சை முடிய வரும், என்ன சொல்லப் போறியள் எண்டு உம்மைப் பற்றிக் கேட்டன். "நீரே சொல்லும், எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை" எண்டார். நாலு மாசம் இந்தக் கதிரையிலை இருந்து யன்னலைப் பாத்தவர். ஆள் கடைசியிலை இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்திட்டார் எண்டு நினைச்சன். அப்பிடித்தான் நினைச்சன். மாசியிலை ஒருநாள் காலமை தேத்தண்ணி கொண்டு வந்து வைச்சன், எடுக்கேல்லை.

செத்து ரெண்டாம் கிழமை லோமேயிலை இருந்து போன். அஃபிதான். கௌசிகாவுக்குப் பிரெஞ்சு தெரியும், அவள் கதைச்சவள், சத்தத்தை வெளியாலை விட்டு எனக்கும் சொல்லிக்கொண்டு இருந்தவள். ஆள் போட்டார் எண்டு சொன்னவுடனை அங்கை கன குரல் அழுதது. அவ்வளவு சனம் ஒரு போனைச் சுத்தி நிண்டிருக்குது. இஞ்சை எரிக்கிற இடத்திலை எங்களுக்கு முக்கால் மணித்தியாலம் தந்தவை, அதிலையே பத்து நிமிசம் மிஞ்சிப் போச்சு. அழுது முடிய அஃபி கேட்டா, மெசின் எந்தக் கப்பலிலை வருகுது எண்டு.

நான் தள்ளி வைச்சனே ஆஸ்பத்திரிக் கேள்வி, அதை இப்ப எழுதும்.

அஃபிக்கு ஒரு மகள் இருந்தவள், அஜோ. ரெண்டு வயசு. இவற்ரை முதுகிலை ஏறியிருந்துதான் மில்லுக்கு மில் போவாளாம். அஜோவின்ரை கதை எனக்கு அரைவாசிதான் தெரியும், மற்ற அரைவாசி வாக்யூம் கிளீனரோடை போட்டுது. தொண்ணூத்தி நாலு தையிலை ஒருநாள் அங்கத்தைக் காசின்ரை பெறுமதி பாதியாய்ப் போச்சாம். விடிய எழும்பினால் எல்லாச் சாமானும் ரெண்டு மடங்கு. தெருவிலை இருந்த சின்ன ஆஸ்பத்திரியிலை ஒரே ஒரு ஒட்சிசன் மெசின், அதுக்குள்ளை ஒரு சின்னச் சாமான் பழுது, பிரான்சிலை இருந்து எடுக்கவேணும். முந்தின மாசம் எண்டால் வாங்கியிருப்பினம். காசு பாதியான பிறகு ஏலாமல் போச்சு. வைகாசியிலை அஜோவுக்கு நெஞ்சிலை சளி கட்டிக் காய்ச்சல். பத்றோனைக் கூப்பிடுங்கோ எண்டு எல்லாரும் ஓடி வந்தவை. பத்றோன் திருத்தாத மெசின் இல்லைத்தானே. இவர் அந்த மெசினைக் கழட்டி முன்னாலை பரப்பி வைச்சுக்கொண்டு இருந்தவர். அதை முதல் முதல் அண்டைக்குத்தான் கண்டவர், ஒண்டும் விளங்கேல்லை. அவர் பாத்துக்கொண்டு இருக்கவே பிள்ளை போட்டுது.

எங்கடை கௌசிகாவுக்கும் அதே வயசிலைதான். இஞ்சை டொக்டர் முழங்காலிலை இருந்து இதயம் கீறிக் காட்டினார். அங்கை என்ரை மனுசன் நிலத்திலை இருந்து ஆணி பொறுக்கினார். என்ரை பிள்ளைக்கு இருந்த மெசின் அந்தப் பிள்ளைக்கு இல்லை, அவ்வளவுதான் பிள்ளை வித்தியாசம். இஞ்சை எறியிறதுக்கு மூண்டு, அங்கை திருத்துறதுக்கு ஒண்டு. இதை நீர் எந்தப் பெட்டிக்குள்ளை எழுதுவீரோ எனக்குத் தெரியாது.

மூண்டு மெசின் வருகுது எண்டு அவர் அவைக்குச் சொல்லியிருக்கிறார். அவை அந்த ஆஸ்பத்திரியிலை ஒரு அறையை ஒதுக்கி, சீமெந்து போட்டு, சுண்ணாம்பு அடிச்சு வைச்சிருக்கினமாம். கௌசிகா போனைப் பொத்திக்கொண்டு, "அம்மா, என்ன சொல்ல?" எண்டு கேட்டாள். எல்லாரும் அழுதுகொண்டு நிக்கினம். கப்பலிலை போட்டாச்சு எண்டு சொல்லடி எண்டன். அவள் என்னைப் பாத்த பார்வை, பெத்த தாயை ஒருத்தியும் அப்பிடிப் பாக்கக்கூடாது. எண்டாலும் சொன்னாள்.

அண்டையிலை இருந்து ஒவ்வொரு சனியும் போன் வருகுது. கப்பல் எங்கை நிக்குது எண்டு கேக்கினம். கௌசிகா இனித் தன்னாலை ஏலாது எண்டு போட்டாள். பேந்து நான்தான் எடுக்கிறன். எனக்கு அவையின்ரை பாசை விளங்காது, என்ரை பாசை அவைக்கு விளங்காது. "பத்றோன், பத்றோன்" எண்டு அஃபி சொல்லுவா, நான் "ஓம், ஓம்" எண்டுவன். வைச்சிட்டு அழுவன். போன சனியும் எடுத்தவ. மாரி துவங்கீட்டுதாம், சின்னப்பிள்ளையளுக்கு நெஞ்சுச் சளி வாற காலமாம், கௌசிகாவின்ரை மூத்தவள் பள்ளிக்கூடத்திலை பிரெஞ்சு படிக்கிறவள், அவள்தான் பக்கத்திலை நிண்டு கேட்டுச் சொன்னாள்.

நீர் ரெண்டு கிழமையிலை அங்கை போறீர் எண்டு போனிலை சொன்னீர். அதுக்காகத்தான் உம்மை வரச்சொன்னனான், புள்ளி போடுறதுக்கு இல்லை. அஃபியைத் தேடிப் போம். மில் எண்டு கேட்டால் காட்டுவினம். மெசின் கப்பலிலை இல்லை, வராது எண்டு சொல்லும். ஏன் எண்டு கேப்பினம். பத்றோன் வாக்கு மாறினவர் எண்டு நினைக்க விடாதையும். அவர் மூண்டையும் திருத்தி முடிச்சு, துடைச்சு, சீலை போட்டு மூடி வைச்சவர். லொறியைக் கூப்பிட்டது அவற்ரை மனுசி. அப்பிடியே சொல்லும், ஒண்டையும் குறைக்க வேண்டாம். என்ரை பேர் தவமலர். அவைக்கு வாயிலை வராது, அவையின்ரை எழுத்திலை பெரிசாய் எழுதிக்கொண்டு போம்.